கிண்டி சிறுவர் பூங்காவில் குடும்பத்துடன் ஒரு நாள்: முழுமையான வழிகாட்டி

"சின்னப் பூங்காதானே, போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று கிளம்புகிறவர்கள்தாம் அதிகம் தடுமாறுகிறார்கள். வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போகிறவர்கள் முந்தைய நாளே திட்டம் போடுவார்கள். கிண்டிக்குப் போகிறவர்கள் பத்தரை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பி, நண்பகல் வெயிலில் தூங்கும் மான்களைப் பார்த்துவிட்டு, அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்புவார்கள். ஊரிலிருந்து வரும் உறவினர் குடும்பங்களை அழைத்துக்கொண்டு பலமுறை அங்கே போய்வந்ததில், எந்த இடத்தில் யார் தடுமாறுகிறார்கள் என்பது எனக்கு ஓரளவு பிடிபட்டுவிட்டது.

விலங்குகள் விழித்து நடமாடும் நேரமும் குழந்தைகள் உற்சாகமாக இருக்கும் நேரமும் ஒரு நாளில் காலை இரண்டு, இரண்டரை மணி நேரமே ஒத்துப்போகும். கீழே உள்ள படிகள் எல்லாமே அந்த நேரத்தை வீணாக்காமல் காப்பதற்கானவை. ஆகவே அவற்றின் வரிசையை மாற்றாதீர்கள்.

1. எங்கே போகிறீர்கள் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

"கிண்டி பார்க்" என்ற ஒரே பெயரால் மக்கள் மூன்று வேறு இடங்களைக் குறிப்பிடுகிறார்கள். கிண்டி தேசியப் பூங்கா என்பது சுமார் 270 ஹெக்டேர் பரப்புள்ள காடு. நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்றான அதனுள் டிக்கெட் வாங்கிக்கொண்டு உலாவ முடியாது, வனத்துறையின் அனுமதி வேண்டும். அக்காட்டின் விளிம்பில், சர்தார் படேல் சாலையை ஒட்டி, சுமார் 22 ஏக்கரில் இருப்பதுதான் சிறுவர் பூங்கா. அதற்குப் பக்கத்திலேயே பாம்புப் பண்ணை இருக்கிறது. அதை நடத்துவது தனி அறக்கட்டளை என்பதால் வாயிலும் தனி, டிக்கெட்டும் தனி.

இந்த வேறுபாட்டை வீட்டிலேயே குழந்தைகளுக்குச் சொல்லிவிட வேண்டும். சிங்கம், புலி பார்க்கலாம் என்று ஆசை காட்டி அழைத்து வந்துவிட்டு, கடைசிக் கூண்டுவரை "சிங்கம் எங்கே?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் நிற்கும் பெற்றோரை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். சிங்கமும் புலியும் வேண்டுமென்றால் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்குத்தான் போக வேண்டும். அது சுமார் 600 ஹெக்டேர், முழு நாளும் நிறைய நடையும் தேவைப்படும் இடம். நான்கு வயதுக் குழந்தையும் எழுபது வயதுத் தாத்தாவும் சேர்ந்து வருகிற குடும்பத்துக்குக் கிண்டிதான் பொருத்தம் என்பது என் கருத்து. மானும் மயிலும் முதலையும் பாம்பும் பார்க்கப் போகிறோம் என்று சொல்லி அழைத்துச் சென்றால், ஏமாற்றத்துக்கு இடமிருக்காது.

சிறுவயதில் வந்து பார்த்தவர்களுக்கு ஒரு வார்த்தை: 2024 ஆகஸ்டில் பூங்காவைப் புதுப்பித்துத் திறந்தார்கள். பழைய நினைவை வைத்துக்கொண்டு வழிகாட்டப் போய் வழி தவறியவர்களில் நானும் ஒருவன்.

2. நாளைத் தேர்ந்தெடுங்கள்

சிறுவர் பூங்கா, பாம்புப் பண்ணை இரண்டுக்குமே செவ்வாய்க்கிழமை வார விடுமுறை. இதைத் தெரிந்துகொள்ளாமல், திருவண்ணாமலையிலிருந்து வேன் பிடித்து வந்த என் தங்கை குடும்பத்தை அழைத்துக்கொண்டு, பூட்டிய கதவின் முன் பதினோரு பேராக நான் நின்றிருக்கிறேன். பள்ளி விடுமுறைக் காலங்களிலும் பொங்கலை ஒட்டியும் சில செவ்வாய்க்கிழமைகளில் திறந்திருக்கும் என்று அறிவிப்பார்கள். அறிவிப்பைக் கண்ணால் பார்த்தாலொழிய அதை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

அடுத்துத் தவிர்க்க வேண்டியது காணும் பொங்கல். அன்று சென்னை நகரமே கடற்கரைக்கும் கிண்டிக்கும் வண்டலூருக்கும் கிளம்பிவிடும். கூட்டத்தோடு கூட்டமாகச் சுற்றுவதுதான் அந்த நாளின் மகிழ்ச்சி என்றால் தாராளமாகப் போகலாம். ஆனால் விலங்கைப் பார்ப்பதற்கு உரிய நாள் அது அன்று. குழந்தையின் கண் மட்டத்தில் அன்று தெரிவதெல்லாம் முன்னால் நிற்பவரின் முதுகுதான்.

மாதங்களில் டிசம்பர் பிற்பகுதி முதல் பிப்ரவரி முடியும்வரை மிக நல்லது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை எப்போது கொட்டும் என்று சொல்ல முடியாது. மே மாதக் கத்திரி வெயிலில் ஒன்பதரை மணிக்கே விலங்குகள் நிழலுக்குள் போய்விடும், நாமும் போய்விடுவோம். கோடை விடுமுறையில்தான் வர முடியும் என்கிறவர்கள் ஏப்ரல் பிற்பகுதியிலேயே வந்துவிடுவது மேல்.

கிழமைகளில் ஞாயிற்றுக்கிழமையைவிடச் சனிக்கிழமைக் காலை நெரிசல் குறைவானது. வாரநாள் இன்னும் அமைதியாக இருக்கும் என்று எதிர்பார்த்து வந்து, பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் நான்கைக் கண்டு திகைத்தவர்களும் உண்டு. பள்ளிக் கூட்டம் வந்துவிட்டால் பதற வேண்டியதில்லை. அவர்கள் வரிசையாக வேகமாக நகர்ந்துவிடுவார்கள், ஒரு மரத்தடியில் பத்து நிமிடம் உட்கார்ந்து அவர்களை முன்னே விட்டுவிட்டால் போதும்.

3. நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

காலையில் வாயில் திறக்கும்போது நீங்கள் டிக்கெட் கவுண்டரின் முன் நிற்க வேண்டும். அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்: பயண நேரம், அதற்கு முன் சிற்றுண்டி, அதற்கு முன் குளியல். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்தக் கணக்கோடு இன்னும் அரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சிற்றுண்டியை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். "போகிற வழியில் ஓட்டலில் பார்த்துக்கொள்ளலாம்" என்று கிளம்பினால் குறைந்தது முக்கால் மணி நேரம் அங்கே போய்விடும். அது விலங்குகள் விழித்திருக்கும் முக்கால் மணி நேரம்.

முடிக்கும் நேரத்தையும் முன்னதாகவே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். நான் பன்னிரண்டரை மணியை எல்லையாக வைத்துக்கொள்கிறேன். சிறுவர் பூங்காவுக்கு இரண்டரை மணி நேரம், பாம்புப் பண்ணைக்கு முக்கால் மணி நேரம் என்று வைத்தால் நேரம் சரியாக இருக்கும். டிக்கெட் காசுக்கு ஈடாக மாலைவரை இருக்க வேண்டும் என்று நினைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. இரண்டு மணிக்குமேல் பார்ப்பதற்கும் ஒன்றும் நடமாடாது, பார்க்கும் பொறுமையும் யாருக்கும் இருக்காது.

4. முந்தைய இரவே பையைக் கட்டுங்கள்

ஒரே ஒரு தோள்பை போதும். கைப்பிடி உள்ள கூடை, கட்டைப்பை, டிபன் கேரியர் ஆகியவை வேண்டாம்; குழந்தையின் கையைப் பிடிக்கவேண்டிய கையை அவை பிடித்துக்கொள்ளும். அத்துடன், கையில் தொங்கும் பைதான் குரங்குக்கு முதலில் தெரியும்.

தண்ணீரைச் சில்வர் பாட்டிலில் ஆளுக்கு அரை லிட்டராவது எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பைகளும் கப்புகளும் 2019 ஜனவரி முதல் மாநிலம் முழுவதும் தடைசெய்யப்பட்டவை. பூங்காவில் அந்தத் தடைக்குக் கூடுதலாக ஒரு காரணம் இருக்கிறது. சாம்பார் வாசமோ உப்பு வாசமோ படிந்த பை காற்றில் பறந்து வேலிக்குள் விழுந்தால், மான் அதை மென்று விழுங்கிவிடும். விழுங்கியது செரிக்காமல் வயிற்றிலேயே தங்கிவிடும்.

கொறிப்பதற்கு வேர்க்கடலை உருண்டை, பிஸ்கட், வாழைப்பழம் ஆகியவற்றில் வாழைப்பழத்தை மட்டும் வீட்டில் வைத்துவிடுங்கள். மற்றவற்றையும் மூடி இறுகிய எவர்சில்வர் டப்பாவுக்குள் போட்டு, பையின் அடியில் வைக்க வேண்டும். காரணத்தை ஒன்பதாம் படியில் சொல்கிறேன்.

மற்றவை: தொப்பி, ஒரு சிறு துண்டு, கொசு விரட்டும் களிம்பு, மாற்று உடை ஒரு ஜோடி, கைகழுவச் சோப்புத் துண்டு ஒன்று. குழந்தையின் சட்டைப் பைக்குள் பெற்றோரின் கைபேசி எண்ணை எழுதிய தாளை மடித்து வைத்துவிடுங்கள். கூட்டத்தில் தவறிய குழந்தை பயத்தில் தன் பெயரைக்கூடச் சொல்லாது.

இருநோக்கி (பைனாகுலர்) வைத்திருப்பவர்கள் எடுத்து வரலாம். கூண்டில் இருக்கிற விலங்குக்கு அது எதற்கு என்று என் மைத்துனர் கேலி செய்தார். மரத்தின் மேலிருந்த ஆந்தையை அதில் முதலில் கண்டுபிடித்தவரும் அவர்தான். பூங்காவைச் சுற்றிக் காடு இருப்பதால், காட்சிக்கு வைக்காத பறவைகளும் தாமாக வந்து உட்காரும்.

5. எந்தப் பக்கத்தில் இறங்குகிறோம் என்று பாருங்கள்

சர்தார் படேல் சாலை கிண்டிக்கும் அடையாற்றுக்கும் இடையே ஓடுகிறது. பூங்கா அதன் தென்புறத்தில் இருக்கிறது. எதிரே வடபுறத்தில் அண்ணா பல்கலைக்கழகம். அடையாறு, மத்திய கைலாஷ் பக்கமிருந்து வரும் பேருந்து பூங்காவின் பக்கத்திலேயே இறக்கிவிடும். கிண்டி, சைதாப்பேட்டை பக்கமிருந்து வந்தால் எதிர்ப்புறத்தில் இறங்கிச் சாலையைக் கடந்தாக வேண்டும்.

இந்தச் சாலையைக் கடப்பதுதான் இந்த நாளின் மிக ஆபத்தான பகுதி. முதலையும் நாகமும் கூண்டுக்குள் இருக்கின்றன, மாநகரப் பேருந்து அப்படி இல்லை. நடுத்திட்டை ஏறித் தாண்டாதீர்கள். காந்தி மண்டபச் சிக்னல்வரை நடந்து, எல்லோரும் சேர்ந்து கடக்க வேண்டும். பெரியவர்களில் பாதிப் பேர் முதலில் கடந்துவிட்டு எதிரே நின்று "வா, வா" என்று கையசைத்தால், குழந்தை வண்டியைப் பார்க்காமல் அந்தக் கையைப் பார்த்து ஓடிவரும். நான் நேரில் கண்டு நடுங்கியது இது.

மெட்ரோவில் வருகிறவர்கள் சின்னமலை நிலையத்திலோ கிண்டி நிலையத்திலோ இறங்கி ஆட்டோ பிடிக்கலாம்; பறக்கும் ரயிலில் வந்தால் கஸ்தூரிபாய் நகர். இவற்றில் எதிலிருந்தும் சிறு குழந்தைகளை நடத்தி அழைத்துவர வேண்டாம், நடக்கும் தெம்பு உள்ளே தேவைப்படும். ஆட்டோக்காரரிடம் "கிண்டி பார்க்" என்று சொல்லாமல், "காந்தி மண்டபம் பக்கத்துல, பாம்புப் பண்ணை வாசல்" என்று சொன்னால் குழப்பம் வராது.

6. வாயிலில் செய்யவேண்டியவை

கட்டணம் பெரியவர்களுக்கு ஒன்று, சிறுவர்களுக்குக் குறைவாக ஒன்று. அன்றைய விகிதம் கவுண்டர்ப் பலகையில் இருக்கும். கைபேசியில் பணம் செலுத்தும் வசதியை நம்பி வந்து, சிக்னல் கிடைக்காமல் வரிசையையே நிறுத்தி வைப்பவர்கள் உண்டு. சில்லறையாகக் கொஞ்சம் பணம் வைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் ஒருவர் நின்றால் போதும். மற்றவர்கள் நிழலில் நிற்கட்டும்.

உள்ளே நுழைந்ததும் முதல் வேலை கழிப்பறை. "எனக்கு வரலை" என்று சொல்லும் குழந்தையையும் அழைத்துப் போங்கள்; மான்களின் முன் நிற்கும்போது அதற்கு வந்துவிடும், அப்போது வாயில்வரை திரும்பி நடக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, வழி தவறினால் எல்லோரும் வந்து சேரவேண்டிய இடம் ஒன்றைக் காட்டிவிடுங்கள். நான் நுழைவாயிலைக் காட்டுவதில்லை, ஏனென்றால் வாயிலுக்குப் போகச் சொன்ன குழந்தை சாலைக்குப் போய்விடலாம். உள்ளே தெளிவாகத் தெரியும் ஒரு சிலையோ பெரிய மரமோ அதற்குப் பொருத்தமானது.

7. உள்ளே சுற்றும் வரிசை

நுழைந்தவுடன் கண்ணில் படும் முதல் கூண்டின் முன் எல்லோரும் அரை மணி நேரம் நின்றுவிடுவார்கள். அது இயல்புதான். ஆனால் அதற்குள் வெயில் ஏறிவிடும், மான்கள் படுத்துவிடும். ஆகவே முதலில் பாலூட்டிகள், பிறகு பறவைகள், அதன்பின் முதலை, ஆமை ஆகிய ஊர்வன என்ற வரிசையில் போங்கள்.

மானும் குரங்கும் காலைக் குளிர்ச்சியில் மேய்ந்து திரியும், வெயில் ஏறியதும் நிழலில் அடங்கிவிடும். பறவைகள் இன்னும் சற்று நேரம் சுறுசுறுப்பாக இருக்கும்; கூழைக்கடா போன்ற நீர்ப்பறவைகளுக்குத் தண்ணீரே துணை. முதலைக்கோ வெயில் ஏற ஏறத்தான் சௌகரியம். தன் உடலுக்கு வேண்டிய வெப்பத்தை வெளியிலிருந்து பெறும் உயிரினம் ஆதலால், அது கரையேறிக் கிடப்பதைப் பத்தரை மணிக்குப் போனால் நன்றாகப் பார்க்கலாம்.

முள்ளம்பன்றி போன்ற இரவு விலங்குகள் பகலில் பொந்துக்குள் உறங்கும். கூண்டு காலியாக இருக்கிறது என்று குறைபட்டுக்கொண்டு நகரும் முன், பொந்தின் வாயிலையும் மூலையையும் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். முதுகு முட்கள் மூச்சுக்கு ஏற்ப ஏறி இறங்குவது தெரியலாம்.

ஊஞ்சலும் சறுக்குமரமும் உள்ள விளையாட்டுத் திடலுக்குக் கடைசியாகத்தான் போக வேண்டும். ஒரு குழந்தை அதைப் பார்த்துவிட்டால் அதன்பின் யானையே வந்து நின்றாலும் திரும்பாது. வழியில் திடல் தெரியுமானால், குழந்தையின் மறுபக்கம் நடந்து ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே கடந்துவிடுங்கள். இது கொஞ்சம் ஏமாற்றுவேலைதான். ஆனால் தேவைப்படுகிற ஏமாற்றுவேலை.

8. கூண்டின் முன் நிற்கும் முறை

பெரும்பாலான குடும்பங்கள் ஒரு கூண்டின் முன் நிற்பது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. பெயர்ப்பலகையை உரக்க வாசிப்பார்கள், குழந்தையை வேலியை ஒட்டி நிறுத்திப் படம் எடுப்பார்கள், அடுத்த கூண்டுக்குப் போவார்கள். இப்படிப் போனால் 22 ஏக்கரும் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும், "இவ்வளவுதானா?" என்ற கேள்வி எஞ்சும்.

நான் செய்வது வேறு. பத்து இடங்களை ஓடிப் பார்ப்பதற்குப் பதிலாக மூன்று இடங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் கால் மணி நேரம் நிற்கிறோம். குழந்தையிடம் கேள்வி ஒன்றைக் கொடுத்துவிட்டு, பதிலை அதுவே கண்டுபிடிக்கும்வரை பெரியவர்கள் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். பெரியவர்களுக்குத்தான் இது கஷ்டமாக இருக்கிறது.

இதற்கு மிகப் பொருத்தமான இடம் மான்கள் இருக்கும் பகுதி. புள்ளிமானையும் வெளிமானையும் காட்டி, "இரண்டின் கொம்புக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேளுங்கள். புள்ளிமானின் கொம்பு கிளை பிரிந்திருக்கும்; வெளிமானின் கொம்பு கிளையே இல்லாமல், துணி பிழிந்தாற்போல் முறுக்கி மேலே போகும். புள்ளிமானின் கொம்பு உதிர்ந்து மறுபடி முளைப்பது. முளைக்கிற காலத்தில் அதன்மேல் வெல்வெட் போன்ற தோல் போர்த்தியிருப்பதையும், முற்றியதும் மான் அதை மரத்தில் தேய்த்து உரித்துவிடுவதையும் சில நாட்களில் காணலாம். வெளிமானின் கொம்பு உதிர்வதில்லை, வாழ்நாள் முழுவதும் அதே கொம்புதான்.

அடுத்த கேள்வி: "இதில் அப்பா எது?" வெளிமானின் ஆண் மேலே கருமையாகவும் வயிறும் கண்ணைச் சுற்றியும் வெள்ளையாகவும் இருக்கும்; பெட்டைகள் பழுப்பு நிறம், கொம்பு கிடையாது. இங்கே ஒரு சிக்கல் உண்டு. கொம்பு இருந்தும் பழுப்பு நிறமாகச் சில நிற்கும். என் அக்கா மகள், அப்போது அவளுக்கு ஆறு வயது, அப்படிப்பட்ட ஒன்றை வெகுநேரம் பார்த்துவிட்டு, "மாமா, இது இன்னும் அப்பா ஆகலை, அண்ணனாத்தான் இருக்கு" என்றாள். வயது ஏற ஏறத்தான் ஆணின் நிறம் கருக்கிறது என்பதை அவளுக்கு நான் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை.

முதலையின் முன் எழும் கேள்வி எப்போதும் ஒன்றே: உயிரோடு இருக்கிறதா, பொம்மையா? அதைச் சோதிக்கக் கல்லையோ காசையோ எறிகிறவர்கள் இருக்கிறார்கள். எறிபவர் பெரியவராக இருந்தாலும், குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விலங்குக் காட்சிச்சாலையில் விலங்கைச் சீண்டுவதும், அதற்குத் தீனி போடுவதும், கூச்சலால் அதைக் கலைப்பதும், குப்பை போடுவதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தைவிட எளிய விளக்கம் குழந்தைக்குப் போதும்: வாயைத் திறந்தபடி அது கிடப்பது கோபத்தால் அல்ல, தலையின் சூட்டைத் தணித்துக்கொள்வதற்கு, நாம் வெயிலில் விசிறிக்கொள்வது போல.

படம் எடுப்பதைக் கால் மணி நேரத்தின் கடைசி இரண்டு நிமிடங்களுக்குத் தள்ளிவையுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம். குழந்தையை வேலியின் மேலோ தடுப்புச் சுவரின் மேலோ ஒருபோதும் உட்கார வைக்காதீர்கள். "ஒரு நிமிஷம்தானே" என்று சொல்லி உட்கார வைக்கிற அந்த ஒரு நிமிடத்தில் உங்கள் கண் குழந்தையின் மேல் இல்லை, திரையின் மேல் இருக்கிறது.

9. குரங்கும் சாப்பாடும்

கூண்டுக்கு வெளியே திரியும் நாட்டுக் குரங்குகளைப் பூங்காவின் காட்சிப்பொருள் என்று எண்ணிவிடாதீர்கள். அவை காட்டுக்குச் சொந்தமானவை, நம் பைக்குள் என்ன இருக்கிறது என்று நம்மைவிட நன்றாக அறிந்தவை. ஜிப் சத்தம், கவர் கசங்கும் சத்தம் இரண்டும் அவற்றுக்கு மணியடித்ததுபோல.

ஒருமுறை எலுமிச்சை சாதப் பொட்டலத்தை மரத்தடியில் பிரித்தோம். முதலில் வந்தது ஒரு குட்டிக் குரங்கு, எல்லோரும் சிரித்தோம். அதற்குப் பின்னால் வந்த பெரியது, சித்தி கையிலிருந்த பொட்டலத்தை அவர் விரல்களோடு சேர்த்துப் பிடித்தது. நல்லவேளையாகக் கீறல் படவில்லை. பிழை முழுக்க எங்களுடையது: திறந்த வெளியில் சாதத்தைப் பிரித்தது ஒன்று, முதலில் வந்த குட்டிக்கு ஒரு துண்டு அப்பளம் போட்டது இரண்டு.

ஆகவே பூங்காவுக்குள் சாப்பாடு வேண்டாம். கொறிப்பதைக்கூட உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, ஆளுக்கு ஒன்று கையில் கொடுத்து, உடனே மூடிவிட வேண்டும். குழந்தை கையில் பாக்கெட்டைக் கொடுத்து நடக்கவிடக் கூடாது. குரங்கு எதிரே வந்துவிட்டால் பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், கண்ணுக்குக் கண் முறைக்காதீர்கள்; அதன் மொழியில் இரண்டுமே சவால். ஓடாமல், முதுகைக் காட்டாமல் மெதுவாகப் பின்வாங்குங்கள். பிடித்த பொருளை விட்டுவிடுங்கள்.

கடியோ கீறலோ பட்டுவிட்டால், சிறியதுதானே என்று விட்டுவிடக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வேண்டும், மஞ்சளோ சுண்ணாம்போ வைக்கக் கூடாது, அன்றே மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். பையில் சோப்புத் துண்டு வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

10. திடலிலிருந்து பாம்புப் பண்ணைக்கு

பதினொரு மணியளவில் விளையாட்டுத் திடலுக்கு வாருங்கள். அரை மணி நேரம் போதும். ஐந்து நிமிடம் முன்னதாக ஒரு எச்சரிக்கை, பிறகு தண்ணீர், பிறகு "பாம்பு பார்க்கப் போகலாமா?" என்ற ஒரே கேள்வி. சறுக்குமரத்திலிருந்து ஒரு குழந்தையை அழாமல் இறக்கக்கூடிய வேறு வாசகத்தை நான் இதுவரை கண்டுபிடிக்கவில்லை. பாம்புப் பண்ணையைக் கடைசியாக வைத்ததற்கு அதுதான் முதல் காரணம். பாம்பு காலையிலும் அசையாது, நண்பகலிலும் அசையாது என்பதால் நேரம் தாழ்ந்து போவதால் நட்டம் ஒன்றும் இல்லை என்பது இரண்டாவது.

கண்ணாடியைத் தட்டாதீர்கள். பாம்புக்குப் புறச்செவி இல்லை, ஆனால் அதிர்வை உடலால் நன்றாக உணரும். தட்டுகிற ஒவ்வொரு விரலும் அதற்கு ஓர் அதட்டல். அசையாத பாம்பைத் தேடிக் கண்டுபிடிப்பதையே விளையாட்டாக்குங்கள்: கிளையின் மேல், பானையின் விளிம்பில், கல்லின் இடுக்கில். பச்சைப் பாம்பு இலைகளுக்கிடையில் இருப்பதைக் கண்டுபிடிக்கிற குழந்தைக்கு, அது யார் கண்ணையும் கொத்துவதற்காகக் காத்திருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடலாம். பாம்பு பால் குடிக்காது என்பதை நீங்கள் சொல்லும்போது, உடன் வந்திருக்கும் பாட்டி மறுப்பார். அந்த வழக்கை வீட்டுக்குப் போய்த் தீர்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய பிள்ளைகளுக்கு நான்கு பாம்புகளை அடையாளம் காட்டுவது பயனுள்ளது: நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். நம் நாட்டில் பாம்புக்கடி உயிரிழப்புகளில் பெரும்பாலானவை இந்த நான்கினால் ஏற்படுபவை. அடையாளம் தெரிய வேண்டியது பிடிப்பதற்கோ அடிப்பதற்கோ அல்ல, விலகி நின்று பெரியவர்களை அழைப்பதற்கு என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும்.

பயந்த குழந்தையைக் கட்டாயப்படுத்திக் கண்ணாடியின் முன் நிறுத்த வேண்டாம். எங்கள் குடும்பத்தில் பயந்து வெளியே நின்றவர் என் மாமா ஒருவர்தான், அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. அவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் பையைக் கொடுத்துவிட்டுப் போனோம்.

11. முதியவர்களும் கைக்குழந்தைகளும்

முழங்கால் வலி உள்ளவர்களை முழுச் சுற்றுக்கும் இழுக்காதீர்கள். மான்களும் பறவைகளும் தெரிகிற ஓர் இருக்கையில் அவர்களை அமர்த்தி, அங்கேயே மற்றவர்கள் திரும்பி வந்து சேர்வதாக ஏற்பாடு செய்யலாம். கைபேசியில் சார்ஜ் இருக்கிறதா என்று அவரிடம் கேட்காமல் நீங்களே பார்த்துவிட்டுப் போங்கள்.

கைக்குழந்தைக்குத் தள்ளுவண்டியைவிடத் துணித்தூளி வசதி. இரண்டு கையும் மிச்சமாகும். பால் புகட்டும் நேரத்தைக் கழிப்பறை நிறுத்தத்தோடு சேர்த்துவிட்டால் தனியாக ஒரு முறை நிற்க வேண்டியதில்லை.

12. புறப்பாடு

பன்னிரண்டரைக்கு வெளியே வந்ததும் தலைகளை எண்ணுங்கள், பிறகு பைகளை எண்ணுங்கள், தொப்பிகளையும் எண்ணுங்கள். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவியபிறகுதான் சாப்பாடு. மதிய உணவுக்கு அடையாறு பக்கம் போகிறவர்கள் மறுபடி எதிர்ப்புறம் கடந்துதான் பேருந்து ஏற வேண்டும். கிண்டி பக்கம் போகிறவர்கள் பூங்காவின் பக்கத்திலேயே ஏறிக்கொள்ளலாம். பெரியவர்கள் களைத்திருக்கும் இந்த நேரத்தில்தான் குழந்தையின் கை நழுவும். ஆகவே சாலையைக் கடக்கவேண்டியிருந்தால் காலையில் செய்ததுபோலவே சிக்னல்வரை நடந்து, எல்லோரும் சேர்ந்து.